காத்தோட்டம் காட்டிய வீடுகள்

மயிலாப்பூரில் எந்த வீட்டையும் குறை சொல்லாத ஒரே மனிதர் வீட்டு புரோக்கர் காத்தோட்டம்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எந்தப் பொந்தைத் திறந்து காட்டினாலும் "நல்ல காத்தோட்டம் சார்" என்பார். எங்களுக்கு அதுவே பெயராகிவிட்டது.

எனக்கு அவர் காட்டிய முதல் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் ஒருவர் வெளியே போய் நிற்க வேண்டும். "புருஷன் பொண்டாட்டி சண்டையே வராது சார். ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள நிக்க முடியாதே" என்றார். இரண்டாவது வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடித்தது. திரைச்சீலைச் செலவு மிச்சம் என்றார். மூன்றாவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் இரண்டாவதிலேயே குடியேறினேன்.

என் அலுவலக நண்பர் யூசுப்புக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அவர் இருந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள்; மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகள் படிப்பது மயிலாப்பூரில். போன இடத்திலெல்லாம் பெயரைக் கேட்டார்கள். கேட்டதும், வீடு நேற்றுத்தான் போய்விட்டது என்றார்கள். 'டு லெட்' போர்டு மட்டும் எங்கும் போகாமல் தொங்கியது.

விஷயத்தைக் கேட்ட காத்தோட்டம் எங்களைக் குளத்தருகே ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்கார மாமா வாசலில் நாற்காலி போட்டு, கேள்வி கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் காத்தோட்டம் முந்திக்கொண்டார்.

"சாருக்கு நல்ல வீட்டுக்காரரா ஒருத்தரைத் தேடிக்கினு கீறோம். நீங்க குறட்டை விடுவீங்களா?"

மாமா திகைத்தார். டிவி எவ்வளவு சத்தம் வைப்பீர்கள், மோட்டார் போடச் சொன்னால் முகம் சுளிப்பீர்களா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. நேற்று பார்த்த வீட்டுக்காரர் பாட்டுப் பாடுகிறார், அதனால் வேண்டாம் என்றுவிட்டோம் என்று வேறு ஒரு போடு போட்டார் காத்தோட்டம்.

"எங்காத்துல யாரும் பாட மாட்டா" என்றார் மாமா, பரீட்சைக்கு வந்த பையனின் குரலில். அந்த நேரம் பார்த்து உள்ளே மாமி ஒரு கீர்த்தனையை எடுத்தார். மாமா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். யூசுப் என்ற பெயர் காதில் விழுந்தபோது, தேறினோமா இல்லையா என்ற கவலையில்தான் அவர் இருந்தார். சாவி கைமாறியது.

அடுத்த வருடம் காத்தோட்டத்தின் வீடே போயிற்று. கால்வாய்க் கரையில் இருந்த அவர்கள் குடிசைகளை அகற்றி, பெருங்குடியையும் தாண்டி எங்கேயோ எட்டாவது மாடியில் இடம் ஒதுக்கினார்கள். பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார். நானும் யூசுப்பும் மாமாவும் இரண்டு பஸ் மாறிப் போனோம். லிஃப்ட் ஓடவில்லை. மாமா மாடிக்கு மாடி ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஏறி முடிப்பதற்குள் பாதிக் கட்டடத்துக்கு உறவாகிவிட்டார்.

காத்தோட்டம் கதவைத் திறந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

"தூரம் சார். வூட்டுக்காரிக்கு வேலை அங்கதானே, மயிலாப்பூர்ல. விடியறதுக்குள்ள கிளம்பிடுது."

மாமா சுவர் விரிசலைத் தடவிப் பார்த்து, சுவர் மூச்சு விடும், நல்லதுதான் என்றார். சமையலறையில் எல்லாம் கைக்கெட்டும் என்றார் யூசுப். நான் குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. சத்தமே போடாத குழாய் என்றேன்.

காத்தோட்டம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"உங்களுக்கெல்லாம் இந்தத் தொழில் வராது சார்" என்று சொல்லிக்கொண்டே பாலை ஊற்றிக் கொடுத்தார்.

வெகுநேரம் யாரும் கிளம்பவில்லை. எட்டு மாடி இறங்க வேண்டுமே என்பதற்காக மட்டும் அல்ல.