சுங்கத்தில் போன லட்டு

முனுசாமியின் மகளுக்குப் போய்ச் சேரவேண்டிய ஆறு திருமலை லட்டுகளையும் நான்தான் தின்றேன். ஜெர்மனிச் சுங்க அதிகாரிகள் தின்னவில்லை. அவர்கள்மேல் பழி போட்டவனும் நானே.

அப்போது நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. வேர்க்கடலை நோய்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்க ஜெர்மனிக்கு அழைப்பு வந்தது. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் கல்லூரி தினப்படி கொடுத்தது. மிச்சம் பிடித்தால் மிச்சம் நமக்கே. (இந்த விதியைப் படித்த பிறகு வேர்க்கடலை எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.) கருத்தரங்குக்கு மதியச் சாப்பாடு சேராத மலிவுக் கட்டணத்தில் பதிவு செய்தேன். பெட்டியில் அரிசி, பருப்புப்பொடி, ஒரு குட்டி எலக்ட்ரிக் குக்கர்.

கிளம்பும் முன் முனுசாமி வந்தார். பாலசமுத்திரத்துக்காரர். கூலி வேலை செய்தே கொஞ்சம் கரும்பு நிலம் வாங்கியவர். அவர் மகள் கலா என் மாணவி; ஜெர்மனியில் மேற்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

"நடந்தே மலையேறி வாங்கியாந்தேன் சார். பொண்ணுக்கு சீக்கிரமே இண்டர்வியூ கீதாம். அதுக்கு முந்தி இது அவ வாயில படணும். உங்க கையில குடுத்தா சாமி கையில குடுத்த மாதிரி."

சாமியின் கை பையை வாங்கிக்கொண்டது.

ஜெர்மனி விடுதியில் குக்கரின் பிளக் சுவருக்குள் நுழையவில்லை. நம்முடையதற்கு மூன்று கால், அங்கே இரண்டு ஓட்டை. கடையில் அடாப்டர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். குக்கரே அந்த விலை இல்லை. கடைக்காரப் பெண்ணை வழிப்பறிக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். அங்கே ஒரு காபி விலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் குடும்பமே டிபன் சாப்பிடலாம்.

பருப்புப்பொடியை வெறும் வாயில் போட்டு விக்கினேன். பிறகு, லட்டு கெட்டுவிட்டதா என்று பார்ப்பது பொறுப்புள்ளவன் கடமையல்லவா என்று ஒரு ஓரம் கிள்ளினேன். கெடவில்லை. மறுநாளும் சோதித்தேன். பிரசாதத்துக்கு அளவு ஏது, மூன்று கொடுத்தால் போதாதா என்று தோன்றியது. கடைசி லட்டைத் தின்றதற்கும் காரணம் இருந்தது: ஒன்றை மட்டும் கொடுத்தால் மீதி எங்கே என்று கேட்பாளே!

ஞாயிற்றுக்கிழமை கலா ரயிலேறி வந்தாள்.

"சுங்கத்துல புடுங்கிக்கிட்டாங்கம்மா" என்றேன்.

"பரவால்ல சார். நைனா கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "எலுமிச்ச சாதம். இங்க இன்னா துன்றீங்களோன்னு செஞ்சினு வந்தேன்."

அதையும் தின்றேன்.

கை நிறைய யூரோ மிச்சத்தோடு ஊர் திரும்பினேன். கலாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. லட்டுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். முனுசாமிக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"அசலு சாமி பிரசாதத்த துன்ன எப்டி சார் மனசு வந்துச்சி அந்த சுங்கத்துக்காரனுக்கு? அவன் வவுறு வெளங்குமா?"

மோர் கொண்டுவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

"தப்பு எம்மேலதான் சார். படியேறச்சொல்ல, கால்வலி தாங்காம, பஸ்ஸுலயே போயிருக்கலாமேன்னு ஒரு தபா நெனச்சிட்டேன். அதான் அவளுக்குச் சேரல."

அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஆறு லட்டுமா சார்?"

"ஆறும்."

மனைவி கொடுத்த மோரைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் நானே நடந்து மலையேறினேன். (இறங்கியது பஸ்ஸில். முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை.) லட்டு வாங்கிக் கலாவுக்குக் கூரியரில் அனுப்பினேன். மிச்சம் பிடித்த யூரோ அத்தனையும் கட்டணத்துக்குப் போனது. போதாமல் கைக்காசும் போட்டேன். பார்சல் அவளிடம் போய்ச் சேரவில்லை. பால் பொருள் கலந்தது என்று இந்த முறை சுங்கத்தில் நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள்.

கலாவுக்குப் போன் செய்து சொன்னேன். முதல் லட்டுகளின் கதை முனுசாமி வழியாக அவளுக்கு ஏற்கெனவே போயிருந்தது. சிரித்தாள்.

"இந்த தபா எத்தினி சார்?"

பிறகு அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. அந்தப் பார்சல் கதையை மட்டும் இன்றுவரை யாரும் நம்பவில்லை, என் மனைவி உட்பட. முனுசாமி இப்போதும் மலைக்குப் போய்வந்தால் எங்கள் வீட்டுக்கு லட்டு வருகிறது. என்னிடம் தரமாட்டார். மனைவியைக் கூப்பிட்டு இரண்டு பொட்டலங்களைத் தனித்தனியாகக் கொடுப்பார்.

"இது உங்களுக்கும்மா. இது சுங்கத்துக்கு."