தையற்காரர் காப்பாற்றிய டப்பாக்கள்

தையற்காரர் உயிரைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். சாப்பாட்டுக் கடைப் பார்சலில் வந்த பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் கொடுக்க மாட்டார். கழுவி, காயவைத்து, மூடி சரியாக உட்காருகிறதா என்று அழுத்திப் பார்த்து அடுப்படியில் அடுக்கிவிடுவார். கொதிக்கக் கொதிக்க எது இறங்கினாலும் அதில்தான் போகும்.

மாசமாக இருக்கும் மகள் மறுநாள் வருவதாக இருந்தது. போன தடவை கரு தங்கவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் குழந்தைப் பேச்சைச் சத்தமாக யாரும் எடுத்ததில்லை.

“சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில வைக்க வேண்டாம்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். அதுல இருக்கிற ரசாயனம் சாப்பாட்டுல இறங்குமாம். எல்லாத்தையும் போட்டுடலாங்க” என்றாள் மனைவி.

“நானும் அதிலதான் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆச்சு?”

“நீங்க மாசமாவா இருக்கீங்க?”

“இந்த வீட்டை விட்டு ஒரு மூடிகூட வெளியே போகாது!”

அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கும்பிட்டாள். பிறகு வாசல் அறையில் தையல் மிஷின் பக்கமாக வந்தாள்.

“ஏங்க, குண்டூசியும் கொக்கியும் இப்படிச் சிந்திக் கிடக்கே. உங்க டப்பாவில போட்டு வைக்கலாமில்ல?”

“இப்பத்தான் அதோட அருமை தெரியுது உனக்கு!”

பொழுது சாய்வதற்குள் பட்டன், கொக்கி, குண்டூசி, சாக்குக்கட்டி எல்லாம் டப்பாவுக்குள் போயின. மிஷின் துடைக்கும் எண்ணெய்த் துணிக்குக்கூட ஒன்று கிடைத்தது. அடுப்படியில் ஒரு டப்பாவும் மிஞ்சவில்லை; வீட்டை விட்டும் ஒன்றும் வெளியே போகவில்லை. ஜெயித்த மிதப்பில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தார்.

மறுநாள் மகள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சூப்பை இறக்கிவிட்டு வந்த மனைவி, குண்டூசி டப்பாவைத் தூக்கினாள்.

“இதைக் காலி பண்ணிக் கொடுங்க. பொண்ணுக்குச் சூப் ஊத்தணும்.”

துள்ளி எழுந்தார். “ஊசி கிடந்த டப்பாவிலயா? ஒண்ணு உள்ளே தங்கிட்டா?”

“அப்ப அந்த எண்ணெய்த் துணி டப்பா?”

“மிஷின் எண்ணெய் குடிக்கவா என் பொண்ணு வந்திருக்கா? இனிமே இதுல ஒண்ணுகூட அடுப்படிக்குள்ள வரக் கூடாது. இது என் உத்தரவு!”

“சரிங்க. நீங்க சொன்னதுக்கு மறுபேச்சு ஏது?”

வந்ததிலிருந்து முதல் தடவையாக மகள் சிரித்தாள்.

“இன்னிக்கு நீங்க இந்த உத்தரவைப் போடுவீங்கன்னு அம்மா நேத்தே போன்ல சொல்லிட்டாங்கப்பா.”