மணிலாவின் உள்ளிச் சோறு

காலைச் சாப்பாட்டுக்காக ஒரு ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் பருத்தித்துறையில், எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். ஊர் அவரை மணிலா என்றது. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் அதை நினைவில் வைத்திருந்தவர் அவருடைய தங்கச்சி செல்லம்மா ஒருவர்தான். அவரும் "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார், ஆகவே அந்தப் பெயரால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

நான் அப்போது அளவெட்டியிலிருந்து வேலைக்கு வந்து, அந்தத் தெருவில் ஓர் அறை எடுத்திருந்த இளம் வாத்தியார். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு நாதசுரத்தால் காது தானாகவே பழகிவிடும். என் மூக்கைப் பழக்கியவர் மணிலாதான்.

கப்பல் குசினியில் வேலை செய்து உலகம் சுற்றியவர் அவர். யுத்தத்துக்கு முந்திய ஒரு பங்குனி மாதத்தில் ஒரு தகரப் பெட்டியோடும் வாணலி மாதிரியான ஒரு பெரிய இரும்புத் தாச்சியோடும் ஊருக்குத் திரும்பினார். லண்டனைப் பற்றிக் கேட்டால் "அங்கை மழை" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். யப்பானைப் பற்றிக் கேட்டால் "குனிஞ்சு குனிஞ்சு நாரி நோகும்" என்பார். பிலிப்பைன் தேசத்து மணிலாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் கேட்டவர் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது. அங்கே கப்பல் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்ததாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விதவைப் பெண் வீட்டில் இவர் தங்கினாராம். அவள் தினமும் காலையில் முதல் நாள் சோற்றை உள்ளியோடு, அதுதான் வெள்ளைப்பூண்டோடு, பொரித்துத் தருவாளாம். அதற்குப் பெயர் சினங்காக். அந்தப் பெண்ணைப் பற்றி மேற்கொண்டு ஏதாவது கேட்டால், அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

ஊருக்கு வந்த அடுத்த நாளே அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் போர் தொடங்கிவிட்டது. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் விட்டுவைத்து, விடியப் பழஞ்சோறாகத் தின்பது யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. செல்லம்மாவின் கை தானாகவே செம்பைத் தூக்கும். மணிலாவின் சோற்றுக்கோ தண்ணீர் எதிரி. சோறு உதிரியாய், விறைத்து, காய்ந்து கிடக்க வேண்டும்.

"தண்ணி விடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"தண்ணி விடாத சோத்தை நாய்தான் தின்னும் அண்ணை."

"மணிலாவிலை துரைமார் தின்னினம்."

"அப்ப துரைமாரைக் கூப்பிட்டுக் குடுங்கோ. என்ரை வீட்டிலை சோறு தண்ணிக்குள்ளைதான் கிடக்கும்."

ஒரு வாரம் செல்லம்மாவே வென்றுகொண்டிருந்தார். பிறகு மணிலா சோற்றைச் சுளகில் பரப்பி, தன் கட்டிலில் வைத்து, தன் நுளம்பு வலையை அதற்குக் கட்டிவிட்டுத் தான் கீழே பாயில் படுக்கத் தொடங்கினார். காலையில் முகமெல்லாம் தடித்துச் சிவந்து வெளியே வருவார். சோற்றை ஒரு நுளம்பும் தீண்டியிருக்காது.

"மனிசனை நுளம்பு பிடுங்குது, சோத்துக்கு வலை கேக்குது!" என்று செல்லம்மா தெருவுக்கே கேட்கத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அன்றோடு செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

சோறு கிடைத்தாயிற்று. அடுத்தது உள்ளி. மணிலா கடைக்குப் போய் ஒரு கடகத்தை நீட்டி, நிரப்பச் சொன்னார். கடைக்காரரின் முகம் மலர்ந்துபோயிற்று.

"நல்ல விசேஷம். ஆருக்கண்ணை பிள்ளை?"

"ஒருத்தருக்கும் இல்லை. நான் தின்ன."

"எனக்குச் சொல்ல விருப்பமில்லாட்டில் விடுங்கோ" என்று கடைக்காரர் மனம் நொந்து நிறுத்துக் கொடுத்தார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் அந்நாளில் உள்ளி என்றால் இரசத்துக்கு ஓரிரு பல்லு, அவ்வளவுதான். ஒரு வீட்டிலிருந்து உள்ளி அள்ளுகொள்ளையாய் வதங்கும் மணம் வந்தால், அங்கே பிள்ளை பிறந்திருக்கிறது, தாய்க்குப் பத்தியச் சாப்பாடு ஆகிறது என்றுதான் அர்த்தம். அந்த வீட்டுக்குத் துடக்கு. மாதம் ஒன்று கழியும் வரை அங்கே யாரும் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். இதையெல்லாம் யாரும் வந்து அறிவிக்கத் தேவையில்லை. மணம் போதும்.

மறுநாள் காலை மணிலா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். "வாத்தியார், வந்து பாரும். பாக்கக் குடுத்துவைக்க வேணும்."

பார்த்தேன். இரண்டு கை நிறைய உள்ளியைக் குத்தி எண்ணெயில் போட்டார். நெருப்பை அணைகிற மாதிரித் தணித்தார். உள்ளி எண்ணெய்க்குள் கிடக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் ஒருமுறை இருமியதற்கே முறைத்தார். உள்ளி பொன்னிறமானதும் பாதியை வடித்து எடுத்து வைத்தார். மீதியோடு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, சோற்றைக் கையால் உதிர்த்து உதிர்த்துக் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து புரட்டினார். உப்பு. மேலே எடுத்து வைத்த மொறுமொறு உள்ளி. பக்கத்தில் பொரித்த கருவாடும், பச்சை மிளகாய் ஊறிய வினாகிரியும். முதல் வாயில் உறைப்புக் காதால் வந்தது. இரண்டாவது வாயில் தட்டை அவர் பக்கத்துக்கு நகர விடாமல் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் கை கழுவுவதற்குள் ஊர் மருத்துவிச்சி படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். இடுப்பில் கை.

"எடி செல்லம்மா! இந்தத் தெருவிலை பிறந்தது முழுக்க என்ரை கையிலை பிறந்தது. என்னை விட்டிட்டு ஆரையடி கூப்பிட்டனீ?"

"இஞ்சை ஒருத்தருக்கும் பிள்ளை பிறக்கேல்லையெணை. அண்ணை சோறு பொரிக்கிறார்."

"வெந்த சோத்தை ஆரேனும் பொரிப்பினமே? எனக்கே கதை விடுறாய்!"

வீட்டில் இருந்தவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். செல்லம்மா புருஷனை இழந்து வருஷங்கள் ஆகிவிட்டன, வயதும் கடந்துவிட்டது. நானும் மணிலாவும் கணக்கில் வர மாட்டோம். கிணற்றடியில் செல்லம்மாவின் மகள் பூரணம் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். கலியாணம் ஆகாதவள். மருத்துவிச்சியின் கை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கியது. குரலும் இறங்கியது.

"சரி, சரி. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

அந்த வாக்கை அவள் கொடுத்திருக்காவிட்டால் விஷயம் ஊருக்குத் தெரிய இரண்டு நாளாவது சென்றிருக்கும். கொடுத்தபடியால் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. பின்னேரம் கோயிலுக்குப் போன செல்லம்மாவை ஐயர் மிக மரியாதையாக, "கொஞ்ச நாள் கழிச்சு வாருங்கோ அம்மா" என்றார். தேங்காய் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி படலைக்கு வெளியே நின்றே வாங்கிக்கொண்டு போனாள்.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கிழமைக் கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. பூரணத்துக்கு உரும்பிராயில் ஒரு நல்ல சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்களிடமிருந்து ஆள் வந்தது. "இப்போதைக்கு வரேல்லையாம்." காரணம் சொல்லவில்லை. சொல்லாத அந்தக் காரணம் மட்டும் நிலைத்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் படலையைத் திறந்துகொண்டு எந்த மாப்பிள்ளையும் வர மாட்டான். செல்லம்மா குசினிச் சுவரில் சாய்ந்திருந்து அழுதார். பூரணம் அழவில்லை. ஆனால் கிணற்றடிக்கு, தெருவில் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகத் தொடங்கினாள்.

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் தாச்சியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பான். மணிலா காலையில் மட்டும் பொரித்ததைப் பின்னேரமும் பொரிக்கத் தொடங்கினார். அதுவும் குசினியில் இல்லை, முற்றத்தில், தெருவுக்கு முன்னால். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன விசரே அண்ணை? மருமகளின்ரை வாழ்க்கை போகுது, உங்களுக்கு வாய்க்கு ருசி கேக்குதோ?"

"அடுப்புக்குப் பக்கத்திலை கதையாதையும். உள்ளி கருகும்" என்றார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. செல்லம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். நாங்கள் பேசாமல் விட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆள் மட்டும் மெலிந்துகொண்டு போனார். வெட்கமாக்கும், நல்லாய் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை விடிய என் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, பித்தளைப் பொத்தான் வைத்த கப்பல் கோட்டு, கமக்கட்டில் தாச்சி, அதற்குள் முதல் நாள் சோற்றுப் பொட்டலம்.

"வெளிக்கிடும் வாத்தியார். உரும்பிராய்க்குப் போவம். படிச்ச ஆள் ஒருத்தர் பக்கத்திலை நிண்டால் மரியாதை."

"தாச்சி ஏன்?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடை போறதே?"

எதிர்வீட்டு முற்றத்தில் பூரணம் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததை ஒரு சீலைத்துண்டில் முடிந்து அவர் கையில் கொடுத்தாள். "அம்மான், கருக விட்டிடாதையுங்கோ" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான். மணிலா தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ்ஸில் உள்ளி மணத்தால் எங்களைச் சுற்றி மூன்று ஆசனம் வெறுமையாய் இருந்தது. கோப்பாய்ச் சந்தியில் இறங்கிச் செம்மண் தெருவால் நடந்தோம். மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். வாயில் சுருட்டு இருக்கும்போது பேச மாட்டார், வாயில் சுருட்டு இல்லாத நேரமும் கிடையாது. எங்களைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. மணிலா பூரணத்தைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை.

"ஐயா, முத்தத்திலை ஒரு அடுப்பு மூட்ட விடுவியளோ? உங்களுக்குச் சாப்பாடு ஒண்டு செய்து தந்திட்டுப் போறன்."

சமைத்துத் தருகிறேன் என்று வருகிறவனை எங்கள் ஊரில் துரத்த முடியாது. தோட்டக்காரர் முற்றத்தைக் கையால் காட்டினார். மணிலா விரலை நனைத்துக் காற்றில் பிடித்தார். மூன்று கல்லை வைத்தார். திரும்பவும் விரலைப் பிடித்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் மற்ற மூலைக்குப் போனார். எனக்கு மானம் போயிற்று. கிறுக்கு முற்றிவிட்டது என்றே நினைத்தேன்.

உள்ளி எண்ணெயில் விழுந்தது. காற்று அதை வாங்கிக்கொண்டு வேலி தாண்டிப் போயிற்று. உள்ளி பொன்னிறமாவதற்குள் வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"எணை அக்கை, உங்கை ஆருக்குப் பிள்ளை?"

மாப்பிள்ளையின் தாய் தலை நரைத்தவர். அவர் திரும்புவதற்குள் பின்வேலியில் இன்னொரு தலை. "நேற்றுக் கூட ஒண்டும் சொல்லேல்லையே! தாய்க்குச் சுகமோ?" அடுத்ததாய், கையில் ஒரு போத்தல் நல்லெண்ணெயோடு ஒருத்தி வாசலுக்கே வந்து, துடக்கு வீட்டுக்குள் நுழையாமல் படலையடியில் வைத்துவிட்டு நின்றாள். தெருவால் தோட்டத்துக்குப் போன ஒரு கிழவர் நடையை நிறுத்தாமலே சத்தம் போட்டார்:

"எடேய், ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ?"

வீட்டிலிருந்தது வயதான தாயும் தகப்பனும், மீசை முளைத்த மகன்மாரும்தான். தோட்டக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோட்டக்காரர் அடுப்பைப் பார்த்தார். மணிலாவைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சுருட்டு வாயிலிருந்து விழுந்து முற்றத்தில் உருண்டது.

"உந்த மணத்தையோ, காணும், எங்களுக்கு வந்து சொன்னவங்கள்?"

"ஓம் ஐயா. உது மட்டும்தான்."

"போடும் சோத்தை" என்றார் தோட்டக்காரர். சாப்பிட்டு, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வடிய, திரும்பவும் சோற்றுக் கோப்பையை நீட்டினார். "வாற புதன்கிழமை நாள் நல்லது. பொம்பிளை பாக்க வாறம். பிள்ளை உந்தச் சோறு சமைக்குமோ?"

வந்தார்கள். ஆவணியில் கலியாணம் நடந்தது. மருத்துவிச்சி முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டாள், தான் அப்போதே அது சோறுதான் என்று சொன்னதாக எல்லோருக்கும் சொன்னாள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கலியாணம் இல்லை. அந்தச் சனிக்கிழமை நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்ததுதான். வல்லை வெளி வந்தது. இரண்டு பக்கமும் காற்று இரைந்தது. என் மனதில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, கோவியாதையுங்கோ. சனம் கதைக்கத் தொடங்கின அண்டைக்கே பொரியலை நிப்பாட்டியிருந்தால், இவ்வளவு வில்லங்கம் வந்திராதே?"

"நிப்பாட்டினால் என்ன சொல்லுவினம்?"

மறுமொழியையும் அவரே சொன்னார்.

"பத்தியம் முடிஞ்சுது எண்டு சொல்லுவினம்" என்றார் அவர். "துடக்குக் கழிஞ்சுது எண்டு சொல்லுவினம். பிள்ளையை எங்கை குடுத்தவை எண்டு தேடுவினம். நான் நிப்பாட்டாமல் பொரிச்சால்தான் வாத்தியார் அது வெறும் சோறு."

தங்கச்சி பேசவில்லை, நான் பேசவில்லை, ஊர் மூக்கைப் பொத்தியது. இந்த மனிதர் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லாமல் முற்றத்தில் குந்தியிருந்து, காலையும் மாலையும் அந்தப் பெண்ணுக்காகப் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த மருத்துவிச்சி வந்த அண்டைக்குப் பிறகு எனக்கு ஒரு வாய் இறங்கேல்லை" என்றார். "பொரிக்கிறது, காகத்துக்குக் கொட்டுறது." தாச்சியை மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. "இப்ப பசிக்குது."

தாச்சியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்து, கையால் வழித்துச் சாப்பிடத் தொடங்கினார். பசித்த பிள்ளை மாதிரி. யன்னலால் வந்த காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. அந்த மனிதர்மீது எனக்கு வந்த பாசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் சால்வையை எடுத்து விரித்து, சோற்றில் மண் விழாமல் மறைத்துப் பிடித்தேன். வெளி முடிந்து நெல்லியடி வரும் வரைக்கும் கையை இறக்கவில்லை.