எழுதியது உங்கள் மருமகள் அல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற வகையிலும் சௌக்கியமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து என் கையெழுத்தையே படிக்கும் அளவுக்குப் பார்வை தெளிந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை தாங்கள் போனில், "உங்க பொண்ணுக்கு எங்க பையனோட வாழ இஷ்டம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். தங்கள் கோபம் நியாயமானது. மருமகள் பெயரில், மருமகள் படத்தோடு, "தூர தேசத்தில் இருக்கிறவன் புருஷன் இல்லை, வெறும் போன் நம்பர்" என்று ஊரறிய எழுதியிருப்பதைப் படித்தால் எந்த மாமனாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அதை எழுதியது அவள் இல்லை. நான்தான். நான் எழுதியதால் இப்போது அவளுடைய விசாவே அந்தரத்தில் நிற்கிறது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

மாப்பிள்ளை வெளிநாட்டில் குளிர்சாதன மெக்கானிக் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவரோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று என் மகள் புதுப் போன் வாங்கினாள். பழைய போனை என்னிடம் தந்தாள். அதைத் திறந்தால் நாலு பேர் நாலு விதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வேலை தேடி வருகிறவர்களை உள்ளே விடலாமா, விடக்கூடாதா என்பது சண்டை. கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவனுக்கு, யாரை ஏற்றலாம் யாரை இறக்கலாம் என்பதில் ஒரு அபிப்பிராயம் இருக்காதா? எழுதினேன். போனில் இருந்த அந்தச் சமூக வலைத்தளக் கணக்கு அவள் கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்து, அப்புறம் மறந்தே போனது என்பதோ, நான் எழுதுவதெல்லாம் அவள் பெயரில்தான் வெளியே போகிறது என்பதோ எனக்குத் தெரியாது. மேலே மகள் பெயரும் படமும் இருந்ததென்னவோ உண்மை. போன் அவளுடையது, அதனால் அவள் பெயர் இருக்கிறது என்று நினைத்தேன். டிபன் பாக்ஸில் பெயர் வெட்டிக்கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

பதிலும் நிறைய வந்தது. "கரெக்டா சொன்னீங்க அக்கா", "நீங்க பேசுங்க சிஸ்டர், நாங்க இருக்கோம்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். யாரோ ஒரு தைரியமான பெண்மணியும் என் கட்சியில் பேசுகிறாள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவள் என்ன எழுதுகிறாள் என்று தேடியும் பார்த்தேன், கண்ணில் படவே இல்லை. ஒரே ஒருவன் மட்டும் விடாமல் எதிர்த்துக்கொண்டிருந்தான். "வருகிறவனையும் விடக்கூடாது, போகிறவனையும் விடக்கூடாது, அவனவன் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும்" என்று நான் எழுதியதற்கு, "அப்ப பஸ் எதுக்குங்க?" என்று கேட்டான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் எவளோ ஒருத்தி, "கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார், என்னையும் கூப்பிடுகிறார், இங்கே நல்ல வேலையில் இருக்கிறேன், போகலாமா?" என்று கேட்டிருந்தாள். யாரும் கூப்பிடாமலே உள்ளே நுழைந்து பதினாறு பத்தி எழுதினேன். தாங்கள் படித்த போன் நம்பர் வாக்கியம் அதில் ஒன்பதாவது பத்தி. பதினொன்றாவது இன்னும் மோசம், அதைத் தேடிப் படிக்க வேண்டாம்.

போன திங்கட்கிழமை மகளை விசா நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, படங்கள், பல் ஆஸ்பத்திரி லேபில் இவள் செயற்கைப் பல் செய்கிற வேலைக்கான சான்றிதழ், அங்கே இதே வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் கடிதம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லையாம். தன் பக்கத்திலிருந்து இருபத்தாறு தாள் எடுத்து வைத்தாராம். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு தாளை உரக்கப் படித்தாராம்: "டிக்கெட் இல்லாமல் ஏறியவனை உடனே இறக்கு. டிக்கெட் எடுத்தவனையும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கு. ஏற்கெனவே நிற்க இடமில்லை." பிறகு அதிகாரி, "எங்கள் நாட்டுக்கு வேலைக்கு வர விரும்பும் நீங்கள் எழுதியதா இது? கணவர் போன் நம்பர் என்றால் இந்தக் கல்யாணம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். எழுத்து மூலம் விளக்கம் தரப் பத்து நாள் அவகாசம்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அதிகாரி தந்த நகலை என் முன்னால் போட்டாள். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நான் எழுதினதும்மா! அவங்க வரைக்கும் போயிடுச்சா?" என்று கேட்டேன். பெருமையாகத்தான் கேட்டேன், மறைப்பானேன். அவள் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். என் மனைவிதான் சமையலறையிலிருந்து வந்து, "முப்பத்தொரு வருஷம் ஊர்ல உள்ளவங்களை எல்லாம் நடுவழியில இறக்கி விட்டீங்க. இப்ப பெத்த பொண்ணையுமா?" என்று கேட்டாள்.

சரி, கெடுத்தவனே சரிசெய்கிறேன் என்று அன்றைக்கு மத்தியானமே போனும் கையுமாக உட்கார்ந்தேன். எழுதியதை ஒவ்வொன்றாக அழிக்கப் பார்த்தேன். எதை அமுக்கினேனோ தெரியவில்லை, பழையது எல்லாம் இன்றைக்கு எழுதியது போல மேலே ஏறி வந்து வரிசையாக நின்றுகொண்டது. தாங்கள் செவ்வாயன்று படித்தது அப்படி வந்ததுதான். அதற்குப் பரிகாரமாக, ஆண்பிள்ளையாக லட்சணமாக உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பெரிதாக ஒரு அறிவிப்பு எழுதினேன்: "மேலே உள்ளவை அனைத்தையும் எழுதியது நானே. முழுப் பொறுப்பும் என்னுடையதே. இதில் வேறு எவருக்கும் சம்பந்தமில்லை." அதுவும் அவள் பெயரில்தான் போனது. இந்நேரம் அது அதிகாரியின் கோப்பில் இருபத்தேழாவது தாளாக ஏறியிருக்கும்.

மறுநாள் நேரிலேயே அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி, "டோக்கன் இருக்கா?" என்றார். "டோக்கன் இல்லை, ஆனா நான் யார் தெரியுமா, ரிட்டயர்டு செக்கிங் இன்ஸ்பெக்டர்" என்று பழைய அடையாள அட்டையை நீட்டினேன். "அப்ப உங்களுக்கே தெரியுமே பெரியவரே, டோக்கன் இல்லாம உள்ள விட முடியாது. வழியை விட்டு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார். நின்றேன். மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பேசியதில் சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் ஆத்திரம்.

ஆகவே சம்பந்தி, தங்களிடம் ஒரு உதவி. கல்யாணத்தின்போது மண்டபத்து நாற்காலிகளைப் பற்றியும், பந்தியில் ஆள் போதாததைப் பற்றியும் நான் தங்களுக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். அப்போது அவை தங்களுக்கு எரிச்சலூட்டியிருக்கலாம். கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் உடனே அனுப்பி வையுங்கள். அதே குத்தல், அதே நீளம், அதே இறக்கிவிடும் பேச்சு அவற்றிலும் இருக்கும். கூடவே, "இப்படி எழுதக்கூடியவர் பெண்ணின் தகப்பனார் மட்டுமே, நான் அனுபவித்தவன்" என்று தங்கள் கைப்பட ஒரு சான்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவகாசம் முடிய இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். நான் எழுதியதெல்லாம் பொதுக் கொள்கை. முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் வந்த பழக்கம், அவ்வளவே. என் மகள் தன் புருஷனோடு போய் வாழ்வதில் எனக்கு எள்ளளவும் ஆட்சேபணை கிடையாது. அவள் போக வேண்டும், நன்றாக இருக்க வேண்டும். கொள்கை வேறு, குடும்பம் வேறு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லவும். மாப்பிள்ளை உயரமான கட்டடங்களில் ஏறி வேலை செய்கிறவர், ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லவும். தங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடியின்றி, என்னைப் போன்ற சம்பந்தியைத் தாங்கும் பொறுமையோடு நெடுநாள் வாழ வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதங்களைத் தேட வேண்டாம். சான்றும் வேண்டாம். விசா கிடைத்துவிட்டது.

நேற்று இந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மகள் படித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குப்பா இவ்வளவு கஷ்டப்படறீங்க? நேத்தே போய் நேர்ல சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எழுதினது எங்கப்பான்னு சொன்னேன். அதுக்கு என்ன ஆதாரம்னாங்க. முதல் பதிவோட தேதியையும் என் விண்ணப்பத்தோட தேதியையும் பாருங்கன்னேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. பதினோரு மாசத்துக்கு முன்னாடி நான் விண்ணப்பம் போட்டதுக்கு மறுநாள்தான் நீங்க எழுத ஆரம்பிச்சிருக்கீங்க. 'அவருக்கு வெளிநாட்டுக்காரங்க மேல கோபம் இல்லை மேடம். என்னைப் போகாதேன்னு சொல்ல வாய் வரல, அதான் ஊர் முழுக்கச் சொல்லிட்டு இருக்கார்'னு சொன்னேன். அந்தம்மா தாளையெல்லாம் ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு முத்திரை குத்திட்டாங்க."

நான் தேதியெல்லாம் பார்த்து எழுதவில்லை சம்பந்தி. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொல்லும்வரை எனக்கே தெரியாது. ஆகவே பொதுக் கொள்கை, உத்தியோகப் பழக்கம் என்று மேலே எழுதியிருப்பதெல்லாம் பொய்.

பத்தொன்பதாம் தேதி விமானம். இன்று காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "போகாதேம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "இதைச் சொல்ல உங்களுக்குப் பதினோரு மாசம் ஆச்சாப்பா?" என்றாள். பிறகு, "பெட்டி மூட மாட்டேங்குது, இதுமேல கொஞ்சம் ஏறி உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். மூடிக்கொண்டது.