கரையோரமாகவே பீச் ஸ்டேஷனுக்கு

வழி தெரியாது என்ற வார்த்தையை நான் இந்த வயது வரைக்கும் சொன்னதில்லை. எல்லா வழியும் தெரியும் என்பதால் அல்ல. பாதி நேரம் தெரியாது. ஆனால் முன்னால் ஒருத்தி நிமிர்ந்து நடந்தால் பின்னால் நாலு பேர் வருவார்கள். அவர்கள் வருகிற அழகைப் பார்த்தால் முன்னால் போகிறவளுக்கே வழி தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்தக் குணத்தோடுதான் நான் மெட்ராசுக்குப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். என் வீட்டுக்காரருடைய தங்கை பூங்காவனத்துக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் தாம்பூலம் மாற்றிய பிறகு தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டார் காரணமே சொல்லவில்லை. இன்னொரு வீட்டார் சொன்ன காரணத்தைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். மூன்றாவதாக வந்த இடம், ஏரிக்கு வடக்கே ஆந்திரா எல்லையை ஒட்டிய ஒரு குப்பம். மாப்பிள்ளையின் அம்மா பெயர் எல்லம்மா. தன்னந்தனியாகப் படகு தள்ளிக்கொண்டு ஏரியைக் கடப்பவர், புயல் அடித்தாலும் கண் சிமிட்டாதவர் என்று அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயர். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவரே அதைச் சொல்லிவிடுவார்.

கூறைப்புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் மெட்ராஸ் போவதென்று ஏற்பாடு. என் மாமியாருக்குக் கால் வீங்கியிருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“தோ பாரு தேசம்மா, அந்தம்மா மொகம் கோணாம இட்டுக்கினு போயி இட்டுக்கினு வந்துடு. இதுவும் தட்டிச்சின்னா என் பொண்ணு ஊட்லயே ஒக்காந்துடுவா.”

“நீ கம்முனு இரு அத்தே. மெட்ராசு எனக்கு உள்ளங்கை மாதிரி.”

(அதுவரை மூன்று தடவை போயிருந்தேன். மூன்று தடவையும் இறால் கூடையோடு ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி, கூடையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பியவள்.)

பூங்காவனத்தையும் கூட்டிக்கொண்டு பொன்னேரியில் ரயில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கினோம். எல்லம்மாவே கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணி, அரக்குக் கலரில் ஒரு புடவை எடுத்தார். வேறு யார் கையிலும் கொடுக்காமல் காகிதப் பொட்டலத்தைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் புடவையில் நாட்டமில்லை. புதிதாக நைலான் நூல் வந்திருக்கிறதாம், வலைக்கு எடுத்துப் பார்க்கவேண்டுமாம்.

“மூணு மணிக்கு பீச் ஸ்டேஷனாண்ட வந்துடுங்க. பஸ் ஏறுனா நேரா வுட்டுடுவான்” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

“பஸ்ஸு இன்னாத்துக்கு?” என்றார் எல்லம்மா. “மெட்ராசு கடல பாக்காம போனேன்னா ஊர்ல இன்னான்னு சொல்லுவேன்?”

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. பீச் என்றால் கடற்கரை. (அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும்.) அப்படியானால் பீச் ஸ்டேஷன் கடற்கரையில்தான் இருந்தாகவேண்டும். எங்கள் பக்கத்தில் வழி கேட்கிற வழக்கமே கிடையாது. தெற்கே போகவேண்டுமா, கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நட. வடக்கே என்றால் வலது கை. கடல் கையைவிட்டுப் போகாதவரை போகிற ஊர் தவறாது. எங்கள் மாமனார் முதல் மாடுகள் வரை இப்படித்தான் போய் வந்தார்கள்.

“கரையோரமாவே நடக்கலாம் பெரியம்மா. காத்தாட இருக்கும். நேரா ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கலாம்” என்றேன்.

சொல்லக்கூடாது, அருமையான நடை. காசிமேட்டுக் கரையில் கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலே தெரியாதபடி காற்று. எல்லம்மா தலையில் பொட்டலத்தோடு மகாராணி மாதிரி நடந்தார். ஒவ்வொரு கட்டுமரத்தையும் நின்று பார்த்து, “இவங்களுக்குக் கவுறு கட்டத் தெரியல” என்று தீர்ப்பு சொன்னார். பூங்காவனம் சிரித்தாள். மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சிரிப்பதைப் பார்த்து, கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மணல் முடிகிற இடத்தில் கருங்கல் தொடங்கியது. பாறை பாறையாகக் கொட்டி, மேலே நடக்கிற மாதிரி ஒரு நீளமான கட்டு. பக்கத்தில் ஒரு போர்டு, சிவப்பில் வெள்ளை எழுத்து.

“இன்னாமே எழுதிக்குது?” என்றார் எல்லம்மா.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது முதியோர் பள்ளியில், அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம்தான் எனக்கு இல்லையே.

“உள்ள வாங்கன்னு எழுதிக்குது பெரியம்மா.”

“அம்மாம் எழுத்தும் அதுக்குத்தானா?”

“மரியாதையா எழுதிக்கிறாங்க.”

கல்கட்டின்மேல் ஏறினோம். இடது கைப்பக்கம் கடல் இருந்தது. ஆகவே வழி சரி. கொஞ்ச தூரம் போனதும் வலது கைப்பக்கமும் தண்ணீர் வந்தது, அலையில்லாத தண்ணீர். வேறு யாராக இருந்தாலும் இங்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்குத் தெம்புதான் வந்தது. எங்கள் ஊர் அப்படித்தானே? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் நாங்கள் நடக்கிற மணல் திட்டு.

“இது மெட்ராசு ஏரி” என்றேன்.

“ஏரில இம்மாம் பெரிய கப்பலு நிக்குமா?”

“நம்ம ஏரில ஆழம் பத்தாது. அதான் நமக்கு படகு.”

எல்லம்மா தலையாட்டினார். பூங்காவனம் மட்டும் பின்னாலிருந்து முனகினாள். “அண்ணி, ஊரு சின்னதா ஆய்க்கினே போவுது.”

“கம்முனு வாடி. ஸ்டேஷன் வரப்போவுது.”

ஸ்டேஷன் வரவில்லை. கல் முடிந்தது. ஒரு விளக்குக் கம்பம், அதற்கப்புறம் மூன்று பக்கமும் தண்ணீர்.

“ரயிலு எங்கமே?” என்றார் எல்லம்மா.

நான் கடலைப் பார்த்தேன். கடலும் என்னைப் பார்த்தது. பார்த்த கையோடு பாறையில் மோதி எங்கள் தலைக்குமேல் எழும்பி விழுந்தது. காகிதம் பிய்ந்து, புடவை நனைந்து, அரக்குச் சாயம் எல்லம்மாவின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வழிந்தது. பூங்காவனம் அதை ரத்தம் என்று நினைத்து, “அய்யோ, எங்க மாமியாள கொன்னுட்டீங்களே அண்ணி” என்று ஒப்பாரி வைத்தாள். தாலி ஏறாமலேயே மாமியார் என்று அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

எல்லம்மாவுக்கு அடி ஒன்றுமில்லை. ஆனால் சேற்றிலும் மணலிலும் பழகிய கால் அது. பாசி பிடித்த ஈரக் கல்லில் ஒரு அடி வைத்தார், வழுக்கியது. இன்னொரு அடி வைத்தார், அதுவும் வழுக்கியது. புயலில் கண் சிமிட்டாத அந்தம்மா மெதுவாகக் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி, ஏரி ஆமை மாதிரி நாலு காலில் தவழ ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் புடவையை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு போனோம்.

பாதி தூரத்தில் காக்கி உடுப்புக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். தவழ்ந்து வருவது யார் என்று அவருக்கும் முதலில் புரியவில்லை.

“இன்னாமா, எங்க போறீங்க?”

“பீச் ஸ்டேஷன் நைனா” என்றார் எல்லம்மா, தரையிலிருந்தபடியே.

“கடல்லயா ரயிலு ஓடுது? யாரும் வரக்கூடாதுன்னு அம்மாம் பெருசா போர்டு வச்சிக்குது, பாக்கலியா?”

“பாத்தமே. உள்ள வாங்கன்னு எழுதிக்குதாமே.”

காவலாளி என்னைப் பார்த்தார். பூங்காவனம் என்னைப் பார்த்தாள். எல்லம்மா கடைசியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் கப்பலைப் பார்த்தேன்.

அவர் நல்ல மனுஷர். கை கொடுத்து நிறுத்தி, துறைமுக வாசலில் கல் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரியில் ஏற்றிவிட்டார். எல்லம்மா டிரைவர் பக்கத்தில். நாங்கள் பின்னால் கல்தூசியில். வழி முழுக்க என் மாமியாரிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். மூன்றாவது இடமும் தட்டிப்போகப் போகிறது. பூங்காவனம் புடவையைக் காற்றில் விரித்துப் பிடித்துக் காயவைத்துக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஆண்கள் இருவரும் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, “இன்னா இது கோலம்?” என்றார்.

எல்லம்மா லாரியிலிருந்து இறங்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என்னை ஒரு தரம் முறைத்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

“நீ நூலப் பாத்துக்கினே இரு. நான் கப்பலாண்ட வரைக்கும் போயிட்டு வந்தேன். நடுக்கடல்ல. போலீசுக்காரரே வந்து கையப் புடிச்சி, வண்டி வச்சி அனுப்சாரு.”

ரயிலில் ஜன்னலோரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். காதருகே வந்தார்.

“நான் தவந்தத யாராண்டயாவது சொல்லுவியா?”

“நான் ஏன் பெரியம்மா சொல்றேன்?”

“சொல்லுவே. உன் வாயப் பாத்தேன். இல்லாத ரயிலயே கடல்ல வுட்ட வாயி அது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “சம்பந்தியாயிட்டா சொல்லமாட்டே. உன் மாமியாராண்ட சொல்லு, ஆடி பொறக்கிறதுக்குள்ள முகூர்த்தம் வச்சிடலாம். தள்ளிப்போட வோணாம்.”

ஆவணியில் நடக்கவேண்டிய கல்யாணம் ஆனியில் நடந்தது. உப்புத் தண்ணீரில் திட்டுத் திட்டாக வெளுத்த அந்தப் புடவையைத்தான் பூங்காவனம் கட்டிக்கொண்டாள். மெட்ராசில் இப்போது இதுதான் நாகரிகம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னேன். அடுத்த வருஷம் எங்கள் குப்பத்தில் இரண்டு பேர் அதே மாதிரி புடவை வேண்டும் என்று கடை கடையாக அலைந்தார்கள்.

எல்லம்மா இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போன மறு வருஷம் பூங்காவனமே ஒரு கல்யாண வீட்டில் எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டாள், தவழ்ந்தது உட்பட. அன்று முதல் எங்கள் இரண்டு வீட்டிலும் கூறை எடுக்க ஒரு கூட்டம் கிளம்பினால் ரயிலைவிட்டு இறங்கியதும் யாராவது ஒருவர், “அத்தே, எந்தப் பக்கம் போவணும்?” என்று என்னைக் கேட்பார்கள். நான் கையை நீட்டிக் காட்டுவேன். மொத்தக் கூட்டமும் அப்படியே அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கும்.

நேராகக் கடை வாசலில் போய் நிற்கும். என்னைக் கேட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் இதுவரை ஒருவரும் வழி தவறியதில்லை.