சாந்தா ஃபேயில் நான் மிதித்த மண்

என் மனைவி பெனிதாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். "யாரு பூசினது இதை? ஒரே மேடும் பள்ளமும்" என்றாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் மலைப்பக்கம் மண்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவது ஆண்கள், பூசுவது பெண்கள். பூச்சு வேலையில் பெனிதாவை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கையால் நான் பட்ட பாடும் கொஞ்சமல்ல.

எங்கள் கல்யாண நாள் ஒன்றுக்குச் சாந்தா ஃபே நகருக்குப் போனோம். அவளுக்குக் கேன்யன் தெரு ஓவியக் கடைகளைப் பார்க்க வேண்டும். எனக்கு மலையோடையில் ஒரே ஒரு நாள் மீன் பிடிக்க வேண்டும். படக்கடை வாசலைக்கூட மிதிப்பதில்லை என்று சபதம். புதுத் தூண்டிலை வண்டியில் கம்பளிக்கு அடியில் ஒளித்திருந்தேன்.

விடுதி பழைய மண் வீடு. அறையில் கணப்படுப்புக்கு மேலே சுவர் நீளமாக வெடித்திருந்தது. என் வயிற்றில் பால் வார்த்தது.

"பெனிதா, பாத்தியா? எவளோ முழங்கையால பூசியிருக்கா."

"வாயை மூடு கிழவா. நாம விருந்தாளி."

"சரி, உன்னால ஆகாதுன்னா விடு."

அவ்வளவுதான். விடுதிக்காரி ஓதிலியாவை இழுத்துக்கொண்டு பெனிதா மண் குழைக்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். இனிச் சாயங்காலம் வரை அசையமாட்டாள். நான் மெல்ல வண்டிப் பக்கம் நழுவினேன்.

"எங்க போறே?"

"சும்மா... காத்து வாங்க."

"கால்ல வாங்கு. பூட்ஸைக் கழட்டு. மண்ணை யாரு மிதிப்பா?"

வைக்கோலும் சேறுமாக மிதித்தேன். ஓதிலியா தண்ணீர் ஊற்றினாள்.

"உங்க வீட்டுக்காரர் நல்லாவே மிதிக்கிறாரே!"

"வேற எதுக்கு வெச்சிருக்கேன்?"

மதியத்துக்குள் பூச்சு முடிந்தது. எனக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. பெனிதா கையைக் கழுவினாள்.

"வேகமாக் காஞ்சா வெடிச்சிடும். பக்கத்துலயே உக்காந்து ஈரத்துணியால ஒத்திக்கிட்டே இரு."

"நீ?"

"ஓதிலியா படம் பாக்கக் கூட்டிட்டுப் போறா. வண்டிச் சாவியைக் குடு."

இருட்டும்வரை ஒத்தினேன். சுவருக்குக் காய்ச்சல் வந்ததுபோல ஒத்தினேன். பெனிதா சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் மூன்று ட்ரவுட் மீன்கள்.

"இது எந்தக் கடைப் படம்?" என்றேன்.

"படமெல்லாம் பாதியிலேயே அலுத்துப்போச்சு. குளிருதேன்னு கம்பளியை எடுத்தா, அடியில புதுத் தூண்டில்! ஓதிலியாவுக்கு ஓடை தெரியும். கல்யாண நாளுக்குன்னு எனக்கு ஒளிச்சு வாங்கி வெச்சிருக்கியே, கள்ளக் கிழவா!"

"ஆமா" என்றேன்.

பெனிதா இல்லை. தூண்டில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதில் மாட்டியவை அந்த மூன்று மீன்கள்தான்.