ஏழரை பஸ்ஸின் ஸ்பீக்கர் அண்ணை

வட்டுக்கோட்டையில் நின்றபடி, கையில் போன் இல்லாமலே கனடாவுடன் கதைக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்பீக்கர் அண்ணை. யாழ்ப்பாணம் ரவுணில் ஓர் இரும்புக்கடையில் வேலை. சொந்தப் பெயர் கடை முதலாளிக்காவது தெரியுமோ என்னவோ, காலை ஏழரை மினிபஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது.

தூரத்துக்கு ஏற்றபடி குரலைக் கூட்டுவது அவர் வழக்கம். சங்கானைக்குக் கதைத்தால் பக்கத்து சீற்றுக்குக் கேட்கும். கொழும்பென்றால் டிறைவர் திரும்பிப் பார்ப்பார். கனடாவில் இருக்கும் மகளென்றால் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தட்டுப்போல வாய்க்கு முன்னால் பிடித்து, எழும்பி நின்றுவிடுவார்.

கலியாணமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மகள் பிள்ளைத்தாச்சி. பிறகு கேட்கவும் வேண்டுமா? அவளுடைய சத்தியெடுப்பு, தலைச்சுற்று, ஸ்கான் எல்லாம் தினமும் எங்களுடன்தான் பஸ் ஏறின. ஒருநாள் முன் சீற்றில் இருந்த ரீச்சர் போனுக்குள்ளேயே புத்தி சொன்னார்.

“பிள்ளை, சீனி கூடவெண்டால் மாம்பழத்தைத் தொடாதையுங்கோ.”

“அப்பா, உது ஆர்?”

“உது எங்கடை பஸ் ரீச்சர். உன்ரை விசயமெல்லாம் அவவுக்குத் தெரியும். கொண்டக்டர் தம்பியும் சுகம் கேட்டவர்.”

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயரலாம் என்றால் விட்டால்தானே. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

“அண்ணை, பஸ்ஸிலை போன் கதைக்க ஒரு முறை இருக்கெல்லோ. மகளின்ரை வயித்து விசயம் ஊருக்கெல்லாம் தெரியவேணுமோ?”

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. “குறை நினையாதையுங்கோ தம்பி. தூரத்திலை இருக்கிற பிள்ளை, மெல்லக் கதைச்சால் கேக்காதெண்டு நினைச்சன்.”

மறுநாள் முதல் போனைக் காதோடு அமத்தி, கையால் வாயைப் பொத்திக் குசுகுசுத்தார். எங்களுக்கு ஒரு சேதியும் இல்லை. ஸ்கானில் என்ன சொன்னார்கள், சீனி இறங்கியதா, ஒன்றும் தெரியாது. ரீச்சர் எனக்கு முகம் கொடுப்பதை விட்டார். கொண்டக்டர் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொன்னால், அந்த அமைதியில் எனக்கும் நித்திரை வரவில்லை.

இரண்டு கிழமை போனது. ஒருநாள் காலை நெற்றியில் இரட்டிப்புத் திருநீற்றோடு ஏறினார். “மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம்” என்று ரீச்சரிடம் மெல்லச் சொன்னதோடு சரி.

ஆனைக்கோட்டை தாண்டும்போது போன் அடித்தது. காதில் வைத்தார். “ம்” என்றார். இன்னுமொரு “ம்”. கண்ணீர் ஓடத் தொடங்கியது. நல்ல சேதிக்கா, கெட்டதுக்கா? டிறைவர் பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“அண்ணை, ஸ்பீக்கரைப் போடுங்கோ” என்று கத்தினேன். எனக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றுதான் தெரியும்.

போட்டார். பஸ் முழுக்க ஒரு பச்சைக்குழந்தை அழும் சத்தம் கேட்டது.

“மாமா, பொம்பிளைப்பிள்ளை. ரெண்டுபேரும் சுகம்” என்றார் மருமகன்.

“என்ன பேர் வைக்கிறியள்?” என்று கேட்டார் ரீச்சர். உடனே ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பஸ் பிறகுதான் நகர்ந்தது.

நான் இறங்கவேண்டிய ஓட்டுமடம் வந்தது.

“இறங்கேல்லையோ?” என்றார் கொண்டக்டர்.

“எங்கடை பிள்ளைக்குப் பேர் வைக்காமல் எப்பிடி இறங்கிறது?” என்றேன்.